'வேணும்' என்பதிலிருந்து 'விசுவாசம்' வரை: முத்துக்குளித்துறையில் 53 ஆண்டுகள் தங்கிவிட்ட அண்டிரிக் அடிகளார்

உடன்குடி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கருப்பட்டிதான். சமீபகாலமாக அனல்மின் நிலையமும், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தின் ராக்கெட் ஏவுதளமும் செய்திகளில் அடிபடுகின்றன. ஆனால் உடன்குடியிலிருந்து கடலைப் பார்த்துக் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் மணப்பாடு வந்துவிடும். மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், அதன் அடியில் கடலைப் பார்த்தபடி ஒரு குகை. அந்தக் குகையில் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபம் செய்தார் என்பது இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சவேரியாரை எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் அதே கரைக்கு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே கிழவராகி, இங்கேயே கண்மூடிய இன்னொரு சாமியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? சவேரியார் இந்தக் கரையில் தொடர்ச்சியாக இருந்தது சுமார் இரண்டு ஆண்டுகள். இவர் இருந்தது 53 ஆண்டுகள். பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்தவர் என்று போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் ஒரு வரியில் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஆனால் அவர் ஏன் புத்தகம் அச்சடித்தார் என்பதுதான் உண்மையான கதை. கடவுளுக்குக் கடைசிவரை உண்மையாக இருப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு, இந்தக் கடற்கரை கண்ட பதில் அதில் இருக்கிறது.

இந்தக் கரை எப்படிக் கிறிஸ்தவம் ஆனது?

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. இந்த ஏழையும் ஏழு கடல்துறை என்பார்கள். இங்கே முத்தும் சங்கும் குளித்துப் பிழைத்தவர்கள் பரதவர்கள். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையை வைத்து அவர்களுக்கும், அந்த வணிகத்தில் செல்வாக்காக இருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய மோதல் வந்தது. உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து.

அந்த நேரத்தில், கிறிஸ்தவராக மாறியிருந்த ஜோவா த குரூஸ் என்ற குதிரை வணிகர் ஒரு யோசனை சொன்னார்: கொச்சியில் இருக்கும் போர்ச்சுகீசியர்களிடம் பாதுகாப்புக் கேளுங்கள். பட்டங்கட்டிகள் எனப்படும் ஊர்த் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள், அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றார்கள். பிறகு குருக்கள் கரைக்கு வந்து, 1536, 1537 ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சுமார் 20,000 பேர் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். இது பாதுகாப்புக்காக நடந்த மாற்றம். அதை மறைக்க வேண்டியதில்லை. கடலில் மூச்சை அடக்கி மூழ்கி எழுந்தால்தான் சோறு என்று வாழ்ந்த மக்கள், தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரு கையைப் பிடித்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் கிளம்பிப் போனார்கள். அடுத்த ஐந்தாறு வருஷம் சொல்லிக்கொடுக்க யாரும் நிலையாக இல்லை. ஜெபம் தெரியாது. எதை ஏற்றுக்கொண்டோம் என்பதும் தெளிவாகத் தெரியாது.

ஒரே ஒரு சொல்லில் இருந்த சிக்கல்

1542-ல் சவேரியார் வந்தார். கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடப்பார், பிள்ளைகள் கூடுவார்கள், ஜெபங்களைச் சொல்லிக்கொடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் போர்ச்சுகீசியம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம் முதலிய ஜெபங்களைத் தமிழில் மாற்றச் செய்து, அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் ஒரு தவறு தெரியவந்தது. விசுவாசப் பிரமாணத்தில் நான் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று ஊரே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1544-ல் சவேரியார் தன் உடன்பணியாளர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, இனிமேல் 'வேணும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொன்னார்.

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மக்கள் இருந்த நிலையில் 'வேணும்' என்பது பொய்யான சொல் இல்லையே. பாதுகாப்பு வேணும், கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்பி வர வேணும். அதற்காகத்தான் அவர்கள் ஞானஸ்நானத்துக்குத் தலையைக் குனிந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், வேணும் என்பதில் தொடங்கியவர்கள் விசுவாசம் என்பதுவரை எப்படிப் போய்ச் சேருவார்கள்? கடிதம் எழுதிச் சொல்லை மாற்றலாம். மனசை மாற்றக் கடிதம் போதாது. கூடவே யாராவது இருக்க வேண்டும்.

1544 கடைசியில் சவேரியார் இந்தக் கரையை விட்டுக் கிளம்பினார். மலாக்கா, ஜப்பான் என்று போனவர், 1552-ல் சீனாவின் வாசலில் ஒரு தீவில் இறந்துபோனார். அவருக்குக் கிடைத்த அழைப்பு அது. கூடவே இருக்கும் வேலை வேறொருவருக்கு வாய்த்தது.

யார் இந்த அண்டிரிக்?

1520 வாக்கில் போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத வம்சாவளி. இந்த இரண்டாவது தகவல்தான் அவர் வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்த நிழல்.

1497-ல் போர்ச்சுகல் அரசர் மனுவேல், தன் நாட்டில் இருந்த யூதர்கள் எல்லாரையும் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக மாற்றினார். அப்படி மாற்றப்பட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளை, பேரன்களுக்கும் 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று பெயர். ஞானஸ்நானம் ஒன்றுதான், ஆனால் மரியாதை ஒன்றில்லை. இவர்கள் உள்ளுக்குள் இன்னும் யூதர்கள்தான் என்ற சந்தேகம் சமூகத்தில் இருந்துகொண்டே இருந்தது. 1536-ல் போர்ச்சுகலில் விசுவாச விசாரணை மன்றம் தொடங்கியபோது, முதலில் மாட்டியவர்கள் இவர்கள்தான்.

அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத ரத்தம் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு கோயம்பிராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-ல் சேசு சபையில் சேர்ந்தார். அங்கேயும் விஷயம் சுலபமாக முடியவில்லை. ஏற்கெனவே வேறொரு சபையின் உடுப்பை அணிந்தவரைச் சேர்க்க விதி தடையாக இருந்தது. அதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1546-ல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். உடம்பும் அப்படியொன்றும் வலுவானதில்லை.

ஆக, அரசன் ஆணையால் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்று, பிறகு உண்மையான கிறிஸ்தவர்கள்தானா என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, பாதுகாப்புக்காகக் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்று, அதே மாதிரி சந்தேகிக்கப்பட்ட இன்னொரு சமூகத்தின் கரையில் வந்து நின்றார். இந்த மக்களைப் பார்த்தபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் அவர் செய்த காரியங்கள் கண்முன்னே இருக்கின்றன.

தமிழ் வராமல் திணறிய நாட்கள்

வந்ததும் ஜெயிக்கவில்லை. ஆரம்பத்தில் தமிழ் அவருக்குப் பெரிய மலை மாதிரி தெரிந்தது. இது நமக்கு வராது என்று விட்டுவிடவும் செய்தார். வேலையில் பலன் இல்லை என்ற சோர்வும் இருந்தது. 1548-ல் சவேரியார் அவருக்கு ஆறுதலாக ஒரு கடிதமே எழுதினார். பெரியவர்கள் மாறுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளை நினைத்துப் பார்த்துத் தைரியமாக இருக்கச் சொன்னார்.

அதன்பிறகு அண்டிரிக் திரும்பவும் மொழியைப் பிடித்தார். இந்த முறை வழியை மாற்றினார். காதில் விழுவதை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, லத்தீன் படித்த முறையில் தமிழைப் பிரித்துப் பார்த்தார். பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை எப்படி வருகிறது, வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி எப்படி மாறுகிறது என்று தானே பட்டியல் போட்டார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசத் தொடங்கினார். அந்தக் குறிப்புகள்தான் வளர்ந்து, ஓர் ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கண நூல் ஆனது. அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைன், வி.எஸ்.ராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது.

அந்த நூலில் இருப்பது பண்டிதர் தமிழ் இல்லை. கடற்கரையில் மக்கள் பேசிய தமிழ். 16-ஆம் நூற்றாண்டில் சாதாரண ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

சரி, ஒரு சாமியார் இவ்வளவு பாடுபட்டு ஏன் இலக்கணம் படிக்க வேண்டும்? மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதாதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் என்பது ஒருவர் தன் மனசில் இருக்கிற அழுக்கைக் குருவிடம் தனியாகச் சொல்லுவது. நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? இன்னொரு மனிதரின் காதைத் தாண்டித்தான் கடவுளிடம் போக முடியும் என்றால், அந்த நம்பிக்கை எப்படி ஆழமாகும்? அண்டிரிக் தமிழில் நேரடியாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டபோதுதான் அந்தத் தடை விலகியது.

அதோடு நிற்கவில்லை. கரையில் வேலை செய்த சேசு சபையினர் தங்களுக்குள்ளேயும் தமிழில்தான் பேச வேண்டும், போர்ச்சுகீசியம் பேசினால் அபராதமாகத் தவமுயற்சி செய்ய வேண்டும் என்று விதி போட்டார். நாலு போர்ச்சுகீசியர்கள் ஒரு குடிசையில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறித் தமிழில் பேசிக்கொண்டிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

1549: படகில் ஏறாத குரு

கடவுளுக்கு உண்மையாக இருப்பது என்றதும் நாம் வழக்கமாக நினைப்பது உயிரைக் கொடுப்பதைத்தான். அந்தக் கதையும் இந்தக் கரையில் உண்டு.

முத்துக்குளித்துறை சேசு சபையினருக்கு அப்போது தலைவராக இருந்தவர் இத்தாலியரான அந்தோணி கிரிமினாலி. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்ச்சுகீசியக் காவல் ஒன்று இருந்தது. அங்கிருந்த தளபதி, ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களைத் தடுத்துக் காசு வசூலித்தார். கோபம் கிளம்பியது. 1549-ல், வடுகர்கள் என்று அழைக்கப்பட்ட விஜயநகரப் பேரரசின் வீரர்கள் படையெடுத்து வந்தார்கள். கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் கரையில் நின்ற படகுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். தான் ஏற அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஏறவில்லை. ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். சேசு சபையின் முதல் வேதசாட்சி அவர்.

யாத்திரிகர்களிடம் காசு பிடுங்கியது தளபதி. உயிரைக் கொடுத்தது குரு. இந்தக் கரையில் சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்து இறங்கியதால் வந்த வினை இது. அந்தக் கலப்படம் அண்டிரிக் காலம் முழுக்கத் தொடர்ந்தது.

கிரிமினாலிக்குப் பின் யார்? கரையில் இருந்த சேசு சபையினர் கூடி அண்டிரிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சிஸ்கன் சபை எந்த ரத்தத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்பியதோ, அதே ரத்தம் உள்ளவர் 1576 வரை, 27 ஆண்டுகள், முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

கிரிமினாலியின் விசுவாசம் ஒரு நாளில், ஒரு கரையில், ஈட்டி முனையில் சோதிக்கப்பட்டது. அண்டிரிக்கின் விசுவாசம் சோதிக்கப்பட்ட விதம் வேறு. அவருக்கு நாளைக்கும் எழுந்திருக்க வேண்டியிருந்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும்.

சிறை, தீவு, கொள்ளைநோய்

1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. கடலிலிருந்து முஸ்லிம் கடற்படைத் தலைவர் ஒருவரின் படகுகள், நிலத்திலிருந்து வடுகர் படை. போர்ச்சுகீசியத் தளபதியும் அவரோடு இருந்தவர்களும் பிடிபட்டார்கள். அண்டிரிக்கும் கைதிகளில் ஒருவர். பிறகுதான் விடுதலை கிடைத்தது. வெளியே வந்ததும் கோவாவுக்கோ கொச்சிக்கோ போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். திரும்பவும் இதே கரைக்கு வந்தார்.

1560-ல் போர்ச்சுகீசிய ஆளுநர் மன்னார்த் தீவைக் கைப்பற்றி, வடுகர் தொல்லையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பரதவ மக்களில் ஒரு பகுதியினரை அங்கே குடியேற்றினார். மக்கள் போன இடத்துக்கு அண்டிரிக்கும் போனார். அங்கே கொள்ளைநோய் வந்து பலர் மடிந்தார்கள். நாளடைவில் பலர் தங்கள் பழைய கரைக்கே திரும்பினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் புன்னைக்காயலில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். ஒவ்வொரு ஊரிலும் ஜெபம் சொல்லிக்கொடுக்கவும், குரு இல்லாத நாளில் மக்களைக் கூட்டவும் உள்ளூர்க்காரர்களையே பழக்கினார். கணக்கப்பிள்ளை, உபதேசியார் என்று இந்தக் கரையில் இன்றும் நிலைத்திருக்கும் வழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில் ஊன்றியது. குரு போனாலும் ஜெபம் நிற்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

அவர் குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியக் குருவுக்கு இருந்த பார்வைதான் அவருக்கும் இருந்தது. இந்து, இஸ்லாமிய வழிபாடுகளைப் பற்றி அவர் கடிதங்களில் வரும் கருத்துகளை இன்றைக்கு யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள். போர்ச்சுகல் அரசின் நிழலில்தான் அவர் வேலை செய்தார் என்பதும் உண்மை.

அச்சு இயந்திரம் எதற்கு?

இப்போது அந்த ஒருவரிப் பொது அறிவுக்கு வருவோம்.

தமிழில் அச்சான முதல் புத்தகம் உண்மையில் 1554-லேயே லிஸ்பனில் வந்துவிட்டது. மூன்று தமிழர்கள் அதைத் தயாரித்தார்கள். ஆனால் அதில் தமிழ் இருந்தது ரோமன் எழுத்தில். நாம் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற மாதிரிதான். போர்ச்சுகீசியக் குருக்களுக்கு அது உதவும். கடற்கரையில் இருக்கும் ஒருவருக்கு உதவாது.

தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்கும் முயற்சி 1577-ல் கோவாவில் நடந்தது. சேசு சபையின் ஜோவா கொன்சால்வெஸ் அந்த எழுத்துகளைச் செய்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவா தெ ஃபாரியா இன்னொரு வரிசையை வார்த்தார். 1578 அக்டோபர் 20-ம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. கையடக்கமான 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான். கோவா, கொல்லம் இரண்டு ஊரிலும் வார்த்த எழுத்துகளின் மாதிரியை அந்தப் புத்தகத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அதன் பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1579 நவம்பர் 14-ல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. குரு கேட்க, சீடன் பதில் சொல்லும் பாணியில் அமைந்த பெரிய ஞானோபதேச நூல். அடுத்த ஆண்டு, பாவசங்கீர்த்தனத்துக்குத் தங்களைத் தயார் செய்துகொள்ள உதவும் ஒரு வழிகாட்டி. 1586-ல், அறுநூறு பக்கத்தைத் தாண்டும் புனிதர்களின் வரலாறு. 'ஃபிளோஸ் சாங்தோரும்' என்ற அந்தப் புத்தகத்தை இப்போது 'அடியார் வரலாறு' என்றும் சொல்கிறோம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் ஜெபம். பிறகு நம்புவது என்ன என்ற கேள்வி பதில். பிறகு தன்னையே சோதித்துப் பார்க்க ஒரு வழி. கடைசியில் தனக்கு முன்னால் உண்மையாக வாழ்ந்தவர்களின் கதை. ஒரு மனிதர் குருவின் துணை இல்லாமல் கடவுளோடு வாழத் தேவையானதெல்லாம் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது? அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததில் முத்துக்குளித்துறை மக்களுக்கே பங்கு உண்டு. 1540-களில் அர்த்தம் தெரியாமல் 'வேணும்' என்று ஒப்பித்தவர்களின் பிள்ளைகள், 1570-களில் தங்கள் மொழியில் ஜெபப் புத்தகம் வேண்டும் என்று கைக்காசு போட்டார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன?

சொந்த வீட்டிலேயே மூடிய கதவு

1593. அண்டிரிக்குக்கு வயது 73 வாக்கில் இருக்கும். ரோமில் கூடிய சேசு சபையின் ஐந்தாவது பொதுப்பேரவை ஒரு தீர்மானம் போட்டது. யூத, இஸ்லாமிய வம்சாவளியில் வந்த யாரையும் இனிமேல் சபையில் சேர்ப்பதில்லை.

ஏற்கெனவே உள்ளே இருந்த அண்டிரிக்கை அது வெளியே தள்ளவில்லை. ஆனால் அர்த்தம் தெளிவு. இன்னொரு அண்டிரிக் இனி வர முடியாது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உழைத்த வீடு, உன்னைப் போன்றவன் எங்களுக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. 1608-ல் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுசாக நீக்கியது 1946-ல்தான்.

ஆபீஸில் பத்து வருஷம் உழைத்தபிறகு, உன் காலேஜ் பெயரைச் சொல்லி ஒருவர் மட்டம் தட்டினாலே நமக்கு ராஜினாமா கடிதம் அடிக்கக் கை பரபரக்கும். அண்டிரிக் முத்துக்குளித்துறையை விட்டுப் போகவில்லை. சபையையும் விடவில்லை. அவர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு வேறு, சபையின் நிர்வாகிகள் போடும் தீர்மானம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது என்றுதான் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் புரிந்துகொள்ள முடிகிறது.

1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள்.

பரீட்சை வந்தது அவர் இறந்து 58 வருஷம் கழித்து

ஒரு ஆசிரியர் நல்லாச் சொல்லிக்கொடுத்தாரா என்பது அவர் வகுப்பில் இல்லாதபோதுதான் தெரியும். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புராட்டஸ்டன்ட் பிரிவினர். கத்தோலிக்கக் கோயில்களில் பூசை நின்றது. குருக்களுக்குத் தடை. பிலிப்புஸ் பல்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் வந்து, பரதவ மக்களைத் தங்கள் பிரிவுக்குக் கொண்டுவர முயன்றார். முத்துக்குளிப்பு உரிமையும் கடலும் டச்சுக்காரர் கையில்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். 1536-ல் இருந்த அதே கணக்குதான். கடலை ஆள்பவர்களின் மதத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு, தொழில், சலுகை. பாதுகாப்புக்காக மாறியவர்கள்தானே இவர்கள், ஆளும் கை மாறினால் திரும்பவும் மாறிவிடுவார்கள் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், அது நியாயமான கணக்குதான்.

ஆனால் தப்பாகப் போனது. பெரும்பாலான மக்கள் மாறவில்லை. டச்சு ஆட்சி நீடித்த காலமெல்லாம் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். குருக்கள் உள்நாட்டு ஊர்களிலிருந்து ரகசியமாக வந்துபோனார்கள். யாரும் வராத நாட்களில் ஊர் உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார், ஜனங்கள் சேர்ந்து சொன்னார்கள். தங்கள் சொந்தத் தமிழில், அர்த்தம் தெரிந்து.

இதற்குக் காரணம் அண்டிரிக் ஒருவர்தான் என்று சொல்லிவிட முடியாது. சாதித் தலைவர்களின் கட்டுப்பாடு, தூத்துக்குடி பனிமய மாதா மேல் இருந்த பாசம், கூட்டாக வாழ்ந்த வாழ்க்கை என்று பல விஷயங்கள் உண்டு. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. 1536-ல் இந்த மக்களுக்குத் தாங்கள் எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரியவில்லை. 1658-ல் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. நடுவில் 53 வருஷம் ஒருவர் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டு இருந்தார்.

சரி, இதில் நமக்கு என்ன?

கடவுளுக்கு உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். எப்போது மனம் திரும்பினாய், எந்தக் கூட்டத்தில் தொடப்பட்டாய் என்று. தொடக்கம் சுத்தமாக இல்லையென்றால் எல்லாமே பொய் என்றும் ஒரு நினைப்பு உண்டு. வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கத் தொடங்கியவர், குழந்தை பிறக்க வேண்டும் என்று கோயிலுக்கு வந்தவர், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், இவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சியோடுதான் இருப்பார்கள்.

முத்துக்குளித்துறையின் கதை அவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் தரும். தொடக்கம் 'வேணும்' என்றுதான் இருந்தது. அது வெட்கப்பட வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. சொல்லைத் திருத்தினார்கள், பிறகு பொறுமையாக அர்த்தத்தைத் திருத்தினார்கள். அதற்கு இரண்டு தலைமுறை ஆனது.

இன்னொன்று, நிலைத்திருப்பது என்றால் சும்மா ஒரே இடத்தில் கிடப்பது இல்லை. அண்டிரிக் தங்கியிருந்த 53 ஆண்டுகளில் இலக்கணம் படித்தார், ஆஸ்பத்திரி நடத்தினார், சிறைக்குப் போனார், அறுபது வயதை நெருங்கும்போது அச்சு என்ற புத்தம்புதிய தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்தார். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாருக்காக வந்தாரோ அவர்களை விட்டுப் போகவில்லை.

அடுத்த முறை உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கப் போனால், மணப்பாட்டுக் குகையைப் பார்த்துவிட்டு அப்படியே வடக்கே வண்டியைத் திருப்புங்கள். திருச்செந்தூர், காயல்பட்டினம் தாண்டி, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். சுமார் 30 கிலோமீட்டர்தான். சவேரியார் தொடங்கிவிட்டுப் போனதை, தங்கியிருந்து வளர்த்தவர் வாழ்ந்த ஊர் அது.